சீட்டில் இல்லாத கேள்வி

“ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு கேள்விதான்!” புவனேஸ்வரி டீச்சர் மேசையைத் தட்டினார்.

ஏழாம் வகுப்பில் யாருடைய காதிலும் அது விழவில்லை. எப்படி விழும்? வியாழக்கிழமை பாடகி ஷர்லி அவர்களுடைய பள்ளிக்கூடத்துக்கே வரப்போகிறார்!

கீரமங்கலத்தைச் சுற்றி எந்த ஊரில் திருவிழா என்றாலும் ஷர்லி பாடுவார். பக்கத்தில் அவருடைய அண்ணன் சவரியப்பன் டோலக் வாசிப்பார். அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு அவர்களுடைய பாட்டுகள் மனப்பாடம். மீதிப் பேருக்கு டோலக் அடி மனப்பாடம். அடி வாங்கித் தேய்ந்த பெஞ்சுகளைப் பார்த்தாலே தெரியும்.

ஆனால் சவரியப்பன் இறந்து எட்டு மாதமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஷர்லி மேடை ஏறவே இல்லை. தான் படித்த பள்ளி என்பதால்தான் இங்கே வரச் சம்மதித்திருந்தார்.

“ஆளுக்கொரு சீட்டு எழுதுங்க. எதுக்கு நெறைய கை தூக்குறாங்களோ, அதுதான் கிளாஸ் கேள்வி. லீடர் அதை அப்படியே படிக்கணும். போன வருசம் மாதிரி சொந்தக் கேள்வி கேட்டா தொலைச்சுப்புடுவேன்!”

போன வருடம் ஒரு கபடி வீரர் வந்தபோது, அப்போதைய லீடர் வகுப்பின் கேள்வியை விட்டுவிட்டுத் தன் கேள்வியைக் கேட்டுவிட்டான். ஒரு வாரம் சண்டை ஓயவில்லை.

இந்த வருடம் லீடர் சுடர்விழி. அவள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தாள்.

“ஒங்களுக்குக் கணக்கு வருமா?”

“பாட்டுப் பாடும்போது வாயில கொசு போனா என்ன செய்வீங்க?”

வகுப்பு சிரித்தது. அடுத்த சீட்டைப் பிரித்த சுடர்விழி, படிக்காமல் நின்றாள்.

“என்ன, எழுத்து புரியலையா? என்னோடதுதான்,” என்று எழுந்தான் பிரவீன்குமார். “நானே சொல்றேன். சவரியப்பன் அண்ணன் எப்படிச் செத்தாரு?”

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது. முப்பத்தாறு பேரில் இருபத்தொன்பது கைகள்.

இடைவேளையில் சுடர்விழி அவனிடம் போனாள். “பிரவீனு, வேற கேள்வி கேப்போமா?”

“ஏன்? யூடியூப்புல ஒருத்தன் ஆக்சிடன்டுங்கிறான், ஒருத்தன் நெஞ்சுவலிங்கிறான். எது நெசம்னு தெரிய வேணாமா? நான் அவரு ஃபேனு!”

“அது வந்து... அது வேணாம்டா.”

“ஏன் வேணாம்? அதைச் சொல்லு.”

அதற்குள் இடைவேளை முடிந்து மணி அடித்தது.

அன்று மாலை சுடர்விழி மளிகைக் கடையில் உப்பு வாங்க நின்றாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி அவளை உற்றுப் பார்த்தார்.

“நீ யாரு மக பாப்பா?”

“ஆண்டியப்பன் மக,” என்று சிரித்தபடி சொன்னாள்.

“எந்த ஆண்டியப்பன்? ஓ, மோட்டார் கொட்டகையில கரண்டு அடிச்சுச் செத்தாருல்ல, அவரா? ப்ச்! சுவிட்சு போடுறப்பவா அடிச்சுச்சு? மொதல்ல யாரு பாத்தா?”

கடையின் மிட்டாய்க் கண்ணாடியில் சுடர்விழியின் முகம் தெரிந்தது. சிரிப்பு அப்படியே உறைந்துபோன முகம். அவள் உப்பை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அப்பா போய் ஒரு வருடம். எங்கே போனாலும் இதே கேள்விதான். பஸ்ஸில், கல்யாண வீட்டில், பூ மார்க்கெட்டில். அப்பா முப்பத்தெட்டு வருடம் இருந்தார். ஆனால் அவருடைய கடைசி ஒரு நிமிடத்தைப் பற்றி மட்டும்தான் எல்லாரும் கேட்டார்கள்.

வியாழக்கிழமை வந்தது. மைதானத்துப் பந்தலில், நீலப் புடவை கட்டி, தனியாக உட்கார்ந்திருந்தார் ஷர்லி. சுவரொட்டியில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார்.

ஆறாம் வகுப்பு கேட்டது. “ஒங்க பாட்டையே ரிங்டோனா வச்சிருக்கீங்களாக்கா?”

“வச்சுப் பாத்தேன். போன் அடிச்சா, அடடா நல்லா பாடுறாளேன்னு கேட்டுக்கிட்டே இருந்துருவேன். எடுக்க மறந்துரும்.”

பந்தலே சிரித்தது.

எட்டாம் வகுப்பு கேட்டது. “தொண்டை கட்டிக்கிட்டா என்னக்கா செய்வீங்க?”

“பேசாம இருப்பேன். எங்க வீட்டுல அன்னைக்குத்தான் நிம்மதி!”

“அடுத்தது ஏழாம் வகுப்பு,” என்றார் டீச்சர்.

சுடர்விழி மைக் முன்னால் போய் நின்றாள். கையில் வகுப்பின் சீட்டு இருந்தது. முன்வரிசையில் பிரவீன்குமார் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, ஒங்க அண்ணன்...”

ஷர்லியின் சிரிப்பு நின்றது. நிற்கவில்லை, உறைந்தது. சுடர்விழிக்கு அந்த முகம் தெரியும். மிட்டாய்க் கண்ணாடியில் அதைப் பார்த்திருக்கிறாள்.

அவள் சீட்டை மடித்தாள்.

“அக்கா, இதுல கிளாஸ் கேள்வி இருக்கு. ஆனா நான் அதைக் கேக்கல. டீச்சர், என்னைத் திட்டுங்க, பரவால்ல.”

ஏழாம் வகுப்பில் சலசலப்பு. “ஏய், படி! சீட்டைப் படி!” என்று யாரோ கத்தினார்கள். டீச்சர் பாதி எழுந்துவிட்டார். ஷர்லி கையை உயர்த்தினார். டீச்சர் உட்கார்ந்தார்.

“நீ கேளும்மா.”

“ஒங்க அண்ணன் இருந்தப்ப எப்படி இருப்பாரு?”

ஷர்லி தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். 

“வேன்ல ஏறுனதுமே தூங்கிருவான்,” என்று மெல்ல ஆரம்பித்தார். “தூங்கிக்கிட்டே என் தோள்ல தாளம் போடுவான். அறந்தாங்கி போறதுக்குள்ள எனக்குத் தோள் வீங்கிரும்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். ஷர்லியும் சிரித்தார்.

“மேடையில எனக்கு வரி மறந்துரும். அதை அவன் மட்டும் கண்டுபிடிச்சுருவான். டோலக்குல தடதடன்னு தனியா வாசிப்பான். அதுக்குள்ள எனக்கு ஞாபகம் வந்துரும். ஜனங்க, ஆகா, புது தாளம்னு கைதட்டுவாங்க. அவ்வளவும் நான் மறந்தது!”

இப்போது பந்தல் அதிர்ந்தது. ஷர்லி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எட்டு மாசத்துல எத்தனையோ பேரு அவனைப் பத்திக் கேட்டாங்க. இப்படி யாரும் கேக்கலம்மா. ஒனக்கு எப்படித் தோணுச்சு?”

சுடர்விழி தரையைப் பார்த்தாள். “எங்கப்பாவும் இல்லக்கா. எங்கிட்டயும் யாரும் கேக்கல.”

“அப்ப நான் கேக்குறேன்,” என்றார் ஷர்லி. “ஒங்கப்பா எப்படி இருப்பாரு?”

சுடர்விழி நிமிர்ந்தாள். ஒரு வருடமாக உள்ளேயே வைத்திருந்தது மெல்ல வெளியே வந்தது.

“எங்கப்பா மொபெட்டுல பூ மூட்டை ஏத்திக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போவாரு. வண்டியில ஹாரன் ரிப்பேரு. மாத்தவே மாட்டாரு. வாயாலயே ‘பீப் பீப்’னு கத்திக்கிட்டே போவாரு. ஒரு நாளு போலீஸ்காரங்க நிறுத்தி, ஹாரன் எங்கன்னு கேட்டாங்க. அவங்களுக்கும் ‘பீப் பீப்’னு கத்திக் காமிச்சாரு.”

“விட்டுட்டாங்களா?”

“சிரிச்சுக்கிட்டே விட்டுட்டாங்க. கொஞ்சம் மல்லிகைப்பூ வாங்கிக்கிட்டாங்க.”

ஷர்லி விழுந்து விழுந்து சிரித்தார். புவனேஸ்வரி டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். பிறகு, யாரும் கேட்காமலேயே, ஷர்லி ஒரு பாட்டுப் பாடினார். நடுவில் ஒரு வரி மறந்துபோனது. அவர் நிறுத்தினார். முன்வரிசையிலிருந்து தடதடவென்று ஒரு தாளம் கேட்டது. பிரவீன்குமார் பெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தான். ஷர்லி அவனைப் பார்த்துத் தலையசைத்தார். வரி ஞாபகம் வந்துவிட்டது.

மறுநாள் காலை, தென்னந்தோப்பு ஓரமாகச் சுடர்விழி பள்ளிக்கு நடந்துகொண்டிருந்தாள். பிரவீன்குமார் நேற்று அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இன்றும் பேசமாட்டானோ?

“பீப் பீப்!”

அவள் சட்டென்று திரும்பினாள். சைக்கிளில் பிரவீன்குமார் வந்துகொண்டிருந்தான். அவளைத் தாண்டும்போது இன்னொரு முறை, உரக்க, “பீப் பீப்!” என்றான்.

சுடர்விழி சிரித்துக்கொண்டே ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

அவன் சைக்கிளில் நல்ல மணி இருந்தது.