அம்மா கல்லூரியில் சேர்ந்த வாரம்

அம்மா ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்குவதுதான் அவர் வேலை. திங்கட்கிழமை ஆய்வக அதிகாரி அவரைக் கூப்பிட்டார்.

"வேதியியல் பட்டம் வாங்கிட்டு வாங்க, பரிசோதகர் வேலை தர்றோம். சாயங்காலக் கல்லூரியில மூணு வருஷம். சேர்றதுக்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்."

அன்று மாலை அப்பா சமையலறை மேசையில் ஒரு காகிதத்தை விரித்து, நடுவில் கோடு போட்டார். அப்பா பேருந்து ஓட்டுநர். ஆனாலும் கோடு வளைந்துதான் போனது. ஒரு பக்கம் 'செலவு' என்றும் மறுபக்கம் 'வரவு' என்றும் எழுதினார்.

"கட்டணம், புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்ந்தா உன்னோட எட்டு மாசச் சம்பளம். பரிசோதகர் ஆனா, இப்ப வாங்குறதோட இன்னொரு பாதி சேர்ந்து வரும். பதினாறு மாசத்துல போட்டதை எடுத்துடலாம். அதுக்கப்புறம் எல்லாம் லாபம்தான்."

அம்மா பென்சிலை வாங்கிச் செலவுப் பக்கத்தில் இன்னும் இரண்டு வரி எழுதினார்.

"வேண்டாங்க. கட்டுப்படியாகாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மகள் சிட்டு எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பத்து வயது. அந்த வரிகள் இவைதான்:

'சிட்டுவுக்குப் பாடம் சொல்லித்தர - தினமும் ஒரு மணி நேரம். குட்டியைத் தூங்க வைக்க - அரை மணி நேரம்.'

தான் ஒரு செலவு என்று சிட்டுவுக்கு அதுவரை தெரியாது.

"அதுல என்னக்கா எழுதியிருக்கு?" என்று கேட்டான் ஐந்து வயதுத் தம்பி குட்டி.

"நம்ம ரெண்டு பேரைப் பத்தியும் எழுதியிருக்குடா."

"நல்லதாவா?"

சிட்டு ரப்பரை எடுத்தாள். அந்த வரிகளை அழித்தால் காகிதத்திலிருந்து போய்விடும். அம்மா மனதிலிருந்து போகுமா? ரப்பரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அம்மாவிடம் போனாள்.

"அம்மா, நாளையிலிருந்து மூணு நாள், கல்லூரிக்குப் போயிட்ட மாதிரி உள் ரூம்ல உக்காரு. ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் வெளியே வரக் கூடாது. நாங்க எப்படி இருக்கோம்னு சோதிச்சுப் பாரு."

"உள்ளே உக்காந்து நான் என்னடி பண்றது?"

"படி."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சரி என்றார்.

செவ்வாய்க்கிழமை எல்லாம் சொதப்பியது. பின்னக் கணக்கைச் சிட்டு அப்பாவிடம் கேட்டாள். அப்பா பத்து நிமிடம் விளக்கினார். முடிவில் அவருக்கே குழப்பமாகிவிட்டது. குட்டியோ கதவைத் தட்டோ தட்டென்று தட்டினான்.

"அம்மா உள்ளேதான் இருக்காங்க. எனக்குத் தெரியும்."

அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து அவனைத் தூக்கிக்கொண்டார். "பாத்தியா?" என்றார் மெதுவாக.

சிட்டுவுக்குக் கண் கலங்கியது. "இன்னும் ரெண்டு நாள் இருக்கும்மா" என்றாள்.

புதன்கிழமை மதிய இடைவேளையிலேயே அவள் கணக்கு ஆசிரியையிடம் போய்விட்டாள். புரியாத இரண்டு கணக்குகளையும் அங்கேயே கேட்டு முடித்தாள். மாலையில் குட்டியைப் பக்கத்தில் படுக்க வைத்து, தன் வரலாற்றுப் பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். இரண்டாவது பக்கத்தில் குட்டி தூங்கிவிட்டான். மூன்றாவது பக்கத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவும் தூங்கிவிட்டார். அவர் கழுவ வேண்டிய பாத்திரம் அப்படியே கிடந்தது.

வியாழக்கிழமை வீடு அமைதியாக இருந்தது. பாத்திரமும் கழுவியாகிவிட்டது. எட்டு மணிக்குச் சிட்டு கதவைத் தட்டினாள்.

"அம்மா, நேரம் ஆயிடுச்சு. வெளியே வரலாம்."

"கொஞ்சம் இரு. இந்தப் பக்கத்தை முடிச்சிட்டு வர்றேன்."

சிட்டு கதவை லேசாகத் திறந்து பார்த்தாள். ஆய்வகத்திலிருந்து கடன் வாங்கி வந்த பழைய வேதியியல் புத்தகம் அம்மா மடியில் இருந்தது. காதில் பென்சில் செருகியிருந்தது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அம்மாவை அவள் இப்படிப் பார்த்ததே இல்லை. சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை மாலை அம்மாவும் சிட்டுவும் கல்லூரிக்குப் போனார்கள். எழுத்தர் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு சிட்டுவைப் பார்த்தார்.

"யாருக்கும்மா? பொண்ணு ரொம்பச் சின்னவளா இருக்காளே."

"எனக்குத்தாங்க" என்றார் அம்மா. குரல் கணீரென்று வந்தது.

எழுத்தர் முத்திரை குத்தி ரசீதைக் கொடுத்தார். "நல்லாப் படிங்க" என்றார்.

திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அம்மா சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றிடா கண்ணு."

அந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. சிட்டு "பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

அம்மாவும் எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தார். இறங்க வேண்டிய நிறுத்தத்தை இருவருமே கவனிக்கவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்கள்.