டிரம்முக்குள் இன்னும் மத்தியானம்

புது மேனேஜர் பிரவீன்குமார் எங்கள் ஜவ்வரிசி ஆலைக்கு வந்து இறங்கியபோது, கல்வராயன் மலையிலிருந்து வந்த மரவள்ளிக் கிழங்கு லாரிகள் வரிசைகட்டி நின்றன. புளித்த மாவு நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே, அடுத்த மாதம் எத்தனை லோடு, அடுத்த வருடம் எத்தனை லோடு என்று பேசினார். கூலிக்காரர்களான எங்களுக்கு இன்றைய பொழுது போனால் போதும். அந்த மனுஷனுக்கோ இன்று என்ற ஒன்றே கிடையாது.

மத்தியானம் நான் வழக்கம்போல மெயின் சுவிட்சை அணைத்தேன். கிழங்குத் தோல் உரிக்கும் டிரம் சுற்றி ஓய்ந்தது. எங்களோடு கூலி வேலை பார்க்கும் இருசம்மாள் அதன் வாயருகே குனிந்து, "இன்னாங்க, வெளிய வாங்க" என்று கூப்பிட்டாள்.

மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரும்மா உள்ள?"

"எங்க வூட்டுக்காரரு சார். கழுவ எறங்கனாரு. ஆள் இருக்கறது தெரியாம அப்ப இருந்தவன் சுவிட்ச போட்டுட்டான்."

"எப்போ?"

"ரொம்ப வருஷம் ஆவுது. அவருக்கு இன்னும் அந்த மத்தியானந்தான். கழுவிக்கினே இருக்காரு."

"செத்தவனுக்காக மிஷின நிறுத்துவீங்களா? போனது போச்சு. நாளைக்கு வர்ற லோடப் பாருங்க. யோவ், போடுய்யா சுவிட்ச!"

என் கை சுவிட்சுக்குப் போனது.

டிரம்முக்குள் நகம் பிறாண்டும் சத்தம்.

"போடாதய்யா! நான் உள்ள இருக்கேன்!"

அது இருசம்மாளின் கணவன் கந்தசாமியின் குரல் இல்லை.

மேனேஜரின் குரல்.

அவரோ எங்கள் எதிரில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தார். நான் சுவிட்சை விட்டு ஓடி வந்து இருசம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"எவன்டா என்னை மாதிரிப் பேசிக் கிண்டல் பண்றது?" என்று மேனேஜர் டிரம்முக்குள் இடுப்புவரை நுழைந்தார். இருசம்மாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டார்.

சுவிட்ச் பக்கம் ஒருவரும் இல்லை.

டக்.

டிரம் சுற்ற ஆரம்பித்தது.

பிரவீன்குமாரின் சாவை விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். இப்போது வேறு மேனேஜர். மத்தியானம் நிறுத்தச் சொல்லி அவரே ஆள் அனுப்புகிறார். இருசம்மாள் கணவனைக் கூப்பிட்டுவிட்டு, "சார், நீங்களும் வாங்க" என்கிறாள். உள்ளிருந்து பதில் எதுவும் வந்ததில்லை.

நேற்று வந்தது.

"போடாதீங்க! நான் உள்ள இருக்கேன்!"

இருசம்மாள் மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அது என் குரல்.