பரங்கிக்காயில் ஒரு மீன்

அந்த வாரம் முழுக்க ஒரு பொட்டு மழை இல்லை. ஆனாலும் பேருந்தில் புருஷன் டுவைட்டுக்குப் பக்கத்து இருக்கை மட்டும் ஊறிப்போய்க் கிடந்தது. மார்வா தொட்டுப் பார்த்தாள். ஓடைச் சேற்றின் வாடை. யாரோ தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்திருப்பார்கள் என்று நினைத்து விரலைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள், வாடை போகவில்லை.

ஊரே காரில் போகிற பரங்கித் தோட்டத்துக்கு இவர்கள் மட்டும் பேருந்தில் போனார்கள். நெடுஞ்சாலையில் இறங்கி, சரளைப் பாதையில் நடந்து, அறுத்த காயை மடியில் சுமந்துகொண்டு திரும்ப வேண்டும். எல்லாம் யாரால் வந்த வினை? முன் இருக்கையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறானே, அவளைக் கட்டிய புண்ணியவான், அவனால். ஆகஸ்டில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு மகன் கார்பினைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போனான். பாலத்திலிருந்து வண்டி ஓடையில் விழுந்தது. அப்பன் நீந்திக் கரையேறினான். பிள்ளையைப் பிணமாகத்தான் தூக்கிக் கரையில் போட்டார்கள்.

ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள், வழக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. குடியை விட்டதிலிருந்து டுவைட்டுக்குக் கை நடுக்கம். மார்வா எப்போதோ கிளம்பியிருப்பாள். அப்பா இல்லாமல் ஜூனி தூங்க மாட்டேன் என்கிறாளே, அதற்காகத்தான் இருந்தாள். மிஞ்சியிருப்பது இந்த ஏழு வயதுப் பெண் ஒருத்திதான். இவளையும் எவனும் தன்னிடமிருந்து கொண்டுபோக முடியாது என்று மகனைப் புதைத்த அன்றைக்கே மார்வா பல்லைக் கடித்துக்கொண்டு முடிவு செய்துவிட்டாள்.

இன்றைக்கு வந்ததும் ஜூனியின் பிடிவாதத்தால்தான். ஹாஸ்கெல் பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. ஜூலையில், காய் கைக்குள் அடங்குகிற அளவில் இருக்கும்போது, பிள்ளைகள் ஆணியால் தோலில் பேரைக் கீறிவிட்டு வருவார்கள். காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் பெருத்து, அக்டோபரில் தடித்த தழும்பாக நிற்கும். அவரவர் காய்க்கு அவரவர்தான் காம்பை அறுக்க வேண்டும். மாற்றி அறுத்தால் பேர் யாருடையதாக இருந்தாலும் காய் அறுத்தவருக்குத்தான். பிள்ளைகள் சண்டை போடாமலிருக்கப் பண்ணைக்காரம்மா வைத்த சட்டம் அது.

பண்ணைக்காரம்மாவுக்கு விஷயம் தெரியாது. வாசலிலேயே சிரித்துக்கொண்டு வந்தாள்.

“எங்கேம்மா அந்த மீன் பையன்? பேரு எழுதி, பக்கத்துல வாயப் பொளந்த மீன் ஒண்ணு போட்டானே!”

டுவைட் தன் காலணியைப் பார்த்தான். மார்வா சொன்னாள்: “செத்துட்டான். இந்த ஆளுதான் வண்டி ஓட்டுனது.”

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, அறுக்கிற கத்தியை நீட்டிவிட்டு ஒதுங்கிப் போனாள். சொன்னது மார்வாவுக்கு இனிப்பாக இருந்தது. அந்த இனிப்புக்காகத்தான் இப்போதெல்லாம் அவள் உயிரோடு இருந்தாள்.

வயலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தொலைவில் டிராக்டர் இழுத்த வண்டியில் யார் பெற்ற பிள்ளைகளோ கூச்சலிட்டுக்கொண்டு போனார்கள், காய்ந்த சோளத் தட்டைகள் ஒன்றோடொன்று உரசின, மிதிபட்டு அழுகிய பரங்கியின் புளித்த வாசம் குப்பென்று எழுந்தது, அந்த வாசத்துக்கு அடியில் மெல்லிசாக அதே ஓடைச் சேறு. ஜூனியின் காய் எலி கடித்துச் சொத்தையாகிக் கிடந்தது. அவள் அழவில்லை. நேராக அடுத்த கொடிக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கார்பினின் காய் அங்கே பெருத்துக் கிடந்தது, பேரும் மீனும் தடித்த தழும்பாக. ஜூனி அதனிடம் முணுமுணுவென்று ஏதோ பேசினாள். நடுவில் நிறுத்தினாள். கேட்டாள். தலையாட்டினாள்.

மார்வா மகளை எழுப்பக் குனிந்தபோதுதான், அதே கொடியில், இலைக்கடியில், இன்னொரு காய் கண்ணில் பட்டது. இலையை விலக்கினாள்.

‘அப்பா’ என்று கீறியிருந்தது. பக்கத்தில் வாய் பிளந்த மீன்.

தழும்பு இல்லை. முடி அளவு மெல்லிய கீறல். கீறலிலிருந்து பால் இன்னும் துளித்துக்கொண்டிருந்தது. ஜூலையில் எழுதியதல்ல. நேற்று எழுதியதுகூட இல்லை.

சுற்றிலும் ஆளில்லை. ஜூனியின் கையில் ஆணி இல்லை. மீன் வாயை அப்படிப் போடக் கார்பினுக்கு மட்டுமே வரும்.

அலறியிருக்க வேண்டும். மகளை இழுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று அவள் நெஞ்சில் புரண்டது. சரியான ஆளைத்தான் கூப்பிடுகிறான் என் பிள்ளை. கூப்பிடட்டுமே.

“டுவைட், உன் பேர்லயும் ஒண்ணு விட்டுட்டுப் போயிருக்கான். நீயே அறு,” என்றாள்.

அவன் பார்த்தான். ஜூலையிலேயே மகன் தனக்காக எழுதியது என்றே நம்பினான், பாவி. முழங்காலில் விழுந்து காயைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அதற்கு மேல் மார்வாவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கடைசிப் பேருந்து போய்விடும், சீக்கிரம் வாங்க என்று அப்பனிடமும் மகளிடமும் சொல்லிவிட்டுச் சாலைப்பக்கம் திரும்பி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பேருந்தில் இவர்களைத் தவிர யாருமில்லை. முன் இருக்கையில் டுவைட். பின்னால் சன்னலோரம் மார்வா, பக்கத்தில் காயை மடியில் வைத்துக்கொண்டு ஜூனி. அப்பாவுக்குக் கனக்கிறதாம், தானே வைத்துக்கொள்கிறாளாம். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பாலம் வர இன்னும் கொஞ்ச தூரம். மார்வா கண்ணெடுக்காமல் புருஷனின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேற்று வாடை ஏறிக்கொண்டே வந்தது. எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். இப்போது நடக்கும், இப்போது நடக்கும் என்று காத்திருந்தாள். எது நடக்கும் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

டுவைட் தலையைச் சாய்த்தான். மார்வா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மெல்லிய குறட்டை வந்தது. சும்மா தூங்கினான்.

அவன் இருக்கை காய்ந்திருந்தது. பக்கத்து இருக்கையும்.

சொட்டு மட்டும் நிற்கவில்லை.

“அம்மா, கொஞ்சம் நகந்து உக்காரேன்,” என்றாள் ஜூனி. “அவனுக்கு இடம் பத்தல.”

“யாருக்குடி?”

ஜூனி காயைத் தடவிக்கொண்டே, பெருமையாக வேறொன்று சொன்னாள்.

“அப்பாவுக்குக் கை ரொம்ப நடுங்குச்சும்மா. காம்பு அறுபடவே இல்ல. அதான் கத்திய வாங்கி நான் அறுத்துட்டேன். அப்ப இது எனக்குத்தான?”

மார்வா குனிந்து பார்த்தாள்.

‘அப்பா’ அப்படியே இருந்தது. மீன் இருந்தது. மீனுக்குப் பக்கத்தில் தோல் மெல்லப் பிளந்துகொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. ஒரு கோடு. பால் துளித்தது. இன்னொரு கோடு. வளைவு. வால். சின்ன மீன்.

ஜூனியின் சட்டைக்கை முனையிலிருந்து சொட்டியது தண்ணீர்.

வண்டியை நிறுத்தச் சொல்லி மார்வா வாயைத் திறந்தபடியே மகளின் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, அன்றைக்குக் கரையில் கிடத்தியிருந்த கையைப் போலவே.

சக்கரங்களின் சத்தம் மாறியது. பாலம்.

சின்ன மீனுக்கு வாய் பிளந்தது. ஜூனி சிரித்துக்கொண்டே, அம்மாவின் பிடியிலிருந்து கையை உருவி, மறுபக்கத்தில் இருந்தவனிடம் நீட்டினாள்.