பெத்ரோ கேட்ட காலடி

அக்டோபர் மாதத்துப் பிற்பகல் ஒன்றில், கிளிஃப்டனில் இருந்த அந்தப் பழைய மரவீட்டுக்குள் காமாக்ஷி நுழைந்தாள். சாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அவள். உள்ளே அவித்த பீட்ரூட் வாசனையும் ஈரக் கம்பளியின் நெடியும் அடித்தன.

கட்டிலில் பெத்ரோ சாய்ந்திருந்தார். உக்ரைன்காரர், வயது தொண்ணூற்று மூன்று. ஐந்து வயதில் அம்மை போட்டுக் கண் இரண்டும் போயிற்று. மடியில் பந்தூரா என்கிற பெரிய தந்திவாத்தியம்.

"உன்கூட வந்தவரை உட்காரச் சொல்," என்றார் ஆங்கிலத்தில்.

"நான் தனியாகத்தான் வந்தேன்."

"இரண்டு பேர் காலடி கேட்டதே."

காமாக்ஷி அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். பிப்ரவரியில் கணவர் முகுந்த் ஃப்ரீவே விபத்தில் போனதிலிருந்து எதுவும் அவளைத் தொடுவதில்லை. சமைத்தாள், வேலைக்குப் போனாள், தூங்கினாள். அழவில்லை.

"ஒரு தடவையாவது அழுதுடும்மா. ஐ'ம் ஸ்கேர்ட்," என்று ரிச்சர்ட்சனிலிருந்து மகள் மானஸா போனில் கெஞ்சுவாள்.

"ட்ரை பண்றேன்டி. வரமாட்டேங்குது."

மூன்றாம் முறை போனபோது பெத்ரோ தானாகவே சொன்னார்.

"போரில் எங்கள் ஊர் எரிந்தது. பன்னிரண்டு வயதில் இந்தப் பந்தூராவை முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். எரிந்த வீடுகளின் முன்னால் நின்று பாடுவேன். அழ ஆளில்லாமல் செத்தவர்களுக்குத் தாங்கள் செத்ததே தெரியாது. யார் பின்னாலாவது நடந்துகொண்டே இருப்பார்கள். பாட்டைக் கேட்டால் நின்றுவிடுவார்கள்."

"அப்படியென்றால் என் பின்னால் வருகிறவருக்கும் பாடுங்களேன்."

விரல்கள் தந்திகளைத் தடவின. நாதம் எழவில்லை.

"தெம்பில்லை. நீதான் அழ வேண்டும். காமு, காமு என்று கூப்பிடுகிறாரே, கேட்கவில்லையா?"



முகுந்த் மட்டுமே கூப்பிட்ட பெயர் அது.

அறைக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பெத்ரோ அல்ல.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பெத்ரோ இறந்தார். உறவென்று ஒருவரும் வரவில்லை. உடலை வேனில் ஏற்றும்வரை காமாக்ஷி வாசலிலேயே நின்றாள். அவருக்காகவாவது அழப் பார்த்தாள். முகம் மரத்துக் கிடந்தது.

காரை ஸ்டார்ட் செய்தாள். பெல்ட் போடவில்லை என்று அலாரம் கத்தியது. அவள் போட்டிருந்தாள். பக்கத்து சீட்டின் விளக்குதான் சிவந்து எரிந்தது.

சீட்டில் யாரும் இல்லை.

"போட்டுக்கோங்க," என்று முணுமுணுத்தபடி கையை நீட்டி அவளே மாட்டிவிட்டாள். சத்தம் நின்றது.

வண்டி தெருமுனையில் திரும்பியது.

பின்சீட்டின் அலாரம் அடிக்க ஆரம்பித்தது.