ஹாலோவே ஸ்டேஷனின் சின்ன அறை

புதிதாகக் கட்டிய சுவர் சூடாக இருந்தது. டிசம்பர் மாதச் சாயங்காலம், குளிர்காயும் அடுப்பு இன்னும் பொருத்தவில்லை, வெளியே மிசிசிப்பிச் சேற்றின் மேல் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அப்படியிருக்க, செங்கல்லில் கை வைத்த வெர்னெல்லா சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். சுண்ணாம்பு இறுகும்போது கொஞ்சம் சூடு வரும்தான் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். சுவர் எப்போதோ இறுகிவிட்டது என்பது அவளுக்கே தெரியும்.

ரயில் நின்றுபோன ஹாலோவே ஸ்டேஷனை ஆதியில் இருந்தபடியே மீட்டுத் தருவது அவள் வேலை. நடுவில் டிக்கெட் அறை. ஒரு பக்கம் வெள்ளைக்காரர்களுக்கான பெரிய கூடம், பெரிய கவுண்ட்டர். மறுபக்கம் கறுப்பர்களுக்கு ஒரு சின்ன அறை, கம்பி போட்ட சின்ன ஜன்னல். பிற்பாடு ஊர்க்காரர்கள் வெட்கப்பட்டு இடித்த தடுப்புச் சுவரை அவள்தான் பிடிவாதம் பிடித்துத் திரும்பக் கட்டவைத்தாள். செய்ததை இந்த ஊர் மறந்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது என்று அவளுக்கு ஒரு வீம்பு. கட்டியது தம்பி லூதர். தாய் போனபின் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. திட்டிக்கொண்டேதான் கட்டினான்.

காலையில், அலைந்து தேடிப் பிடித்த பழைய பிளாட்பாரக் கதவைச் சின்ன அறைக்கு மாட்டும்போதும் நொடித்தான்.

"அக்கா, உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லியே. வெளிய இருக்கிறவன் பூட்டிட்டுப் போயிட்டா?"

"அப்போ அப்படித்தான்டா இருந்துச்சு. இருந்த மாதிரியே வைக்கிறதுதான் நம்ம தொழில்."

"நம்ம ஆளுங்கள அடைச்சு வெச்சு, வெள்ளைக்காரக் கும்பல் கயித்தோட வந்த கதவ நம்ம கையாலயே மாட்டுறோம். பாட்டன் பாத்தா செருப்பால அடிப்பாரு."

"வாய மூடிட்டு ஆணிய அடி."

இப்போது அந்த அறைக்குள் பெஞ்சுக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தான். சீட்டியடிப்பது கேட்டது. கூடத்தில் விளக்கை அணைக்கப் போனவளுக்கு முதலில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது, பிறகு ஈரக் கம்பளியும் மலிவு விஸ்கியும் கலந்த ஆண்களின் வாடை, அதன்பின் மழைச் சத்தத்தோடு சத்தமாய்ப் பிளாட்பாரப் பலகைகளில் பூட்ஸ் கால்கள், அவசரமில்லாமல், நிறைய. வந்தவர்களுக்கு வழி நன்றாகத் தெரிந்திருந்தது.

தாழ்ப்பாள் இழுபட்டது. சீட்டி நின்றது.

"அக்கா? விளையாடாத. தொற."

ஓடினாள். பிளாட்பாரத்தில் ஒருவரும் இல்லை. தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். காலையில் எண்ணெய் போட்ட தாழ்ப்பாள்தான். அசையவில்லை. நகம் பிய்ந்தது. உள்ளே பெஞ்சு கவிழ்ந்தது.

"யாருடா நீங்கல்லாம்? எப்பிடிடா உள்ள வந்தீங்க? விடுங்கடா... அக்கா!"

அடி விழ ஆரம்பித்தது. மூட்டையைத் தடியால் அடிப்பது போன்ற சத்தம். நடுவே எலும்பு முறிந்தது தனியாகக் கேட்டது. நான்தான் அந்தக் கதவை மாட்டினேன், நான்தான் மாட்டினேன் என்று அவள் மனம் அலறியது. டிக்கெட் அறைக்கு ஓடினாள்.

சின்ன ஜன்னலுக்கு அப்பால் இருட்டு. இருட்டில் கோட்டுகள். நடுவே லூதரின் முகம், ஒரு கண் மூடிப்போய், கழுத்தில் கயிற்றோடு. கம்பிகளுக்கிடையே வலது கையை நீட்டினான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"விட்டுடாதக்கா."

"விடமாட்டேன்டா. சத்தியமா விடமாட்டேன்."

அவர்கள் இழுத்தார்கள். அவளும் இழுத்தாள். தோள்மூட்டு கழன்றது அவள் கைவரை தெரிந்தது. மறுபடி இழுத்தார்கள். லூதர் கத்தினான். மறுபடி. கத்தல் பாதியில் அறுந்தது.

மழை மட்டும் கேட்டது.

அவன் விரல்கள் இன்னும் அவள் கையை இறுக்கிக்கொண்டிருந்தன. சூடாக. கம்பிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. முழங்கைக்கு அப்பால் ஒன்றுமே இல்லை.

முதுகுக்குப் பின்னால், பெரிய கவுண்ட்டரில், யாரோ மரியாதையாகத் தொண்டையைச் செருமினார்கள்.

திரும்பினாள். ஈரக் கோட்டு போட்ட ஆண்கள். சட்டைக் கைகள் முழங்கைவரை சிவப்பு. தொப்பிகளுக்குக் கீழே முகமே இல்லை. முன்னால் நின்றவன் தொப்பியைச் சற்றுத் தூக்கி, டிக்கெட்டுக்காகக் கை நீட்டினான். அவனுக்குப் பின்னால் வரிசை, இடிக்காமல், தள்ளாமல், கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, மழைக்குள் நீண்டு போய்க்கொண்டே இருந்தது.