பிளாஸ்டிக் பிரிக்காத நாற்காலி

"அப்போ நான் மட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து தின்னுக்கிட்டிருக்கேன்னு சொல்றீங்க. அப்படித்தானே அத்தை?"

"ஐயோ! நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்?"

"வாயால வேற சொல்லணுமா? மூணு வேளையும் சமையல் மேடைகிட்ட தட்டைக் கையில ஏந்திக்கிட்டு நின்னு சாப்பிடறீங்களே... அது யாருக்காக? சுவத்துக்காகவா?"

மருமகள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. அட்டைப்பெட்டியின் வாயை ஒட்டிவிட்டு, டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தபடி நிதானமாகக் கேட்டாள். கூடம் முழுக்கப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மகனும் மருமகளும் நகரத்தின் மறுகோடியில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்திருந்தார்கள். இன்று காலை லாரி வருகிறது.

மாமியார் தட்டோடு அப்படியே நின்றாள். சாப்பிடுவதா, கீழே வைப்பதா? எதைச் செய்தாலும் அது ஒரு பதிலாகிவிடும் போலிருந்தது.

தெருவில் அவளுக்குப் பட்டன் அக்கா என்று பெயர். சட்டைக் கம்பெனியில் முதுகுச் சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்து, ஊரார் சட்டைகளுக்கெல்லாம் பட்டன் தைத்தவள். மகனின் படிப்பு, இந்த மாடிவீடு எல்லாம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து சம்பாதித்ததுதான். அவள் கணவரோ வீடு வீடாக நடந்து மின்சார மீட்டர் குறித்தவர். இப்போது இரண்டு பேருமே ஓய்வில் இருக்கிறார்கள். நடந்தே தேய்ந்தவர் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தே உழைத்தவளால் உட்கார முடியவில்லை.

ஏன் என்று யாருக்கும் தெரியாது. உட்கார்ந்ததும் இடது பக்கம், சதைக்கு வெகு ஆழத்தில், ஒரு பட்டன் அளவுக்கு நெருப்பு பற்றிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் யாரோ அதிலிருந்து நூலைப் பிடித்து இழுப்பதுபோல் பின்தொடை வழியே இறங்கும். எழுந்து நின்றால் மெல்ல மெல்ல அணையும். விழவில்லை, அடிபடவில்லை. எழுந்துபோக மனமில்லாத விருந்தாளி மாதிரி, ஒருநாள் வந்து உட்கார்ந்த வலி அப்படியே தங்கிவிட்டது.

டாக்டரிடம் போகாமல் இல்லை. படம் எடுத்தார்கள். பிறகு பெரிய மெஷினுக்குள் படுக்கவைத்து இன்னொரு படம் எடுத்தார்கள். "வயசுக்கு ஏத்த தேய்மானம்தான், வேற ஒண்ணும் இல்லை" என்றார்கள். மீட்டர்காரர் வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்: "நார்மல்! எல்லாம் மனசுதான்." அன்றைக்கே அந்தப் பேச்சு மூடப்பட்டது.

அதன்பிறகு அவள் காரணங்களைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். "நின்னா காத்து வருது." "அடுப்பைப் பார்த்துக்கணும்." "எனக்கு எங்கம்மா உட்கார நேரம்?" கடைசியாகச் சொன்னதுதான் மருமகளின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள் அவள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஏதோ ஒரு கம்பெனிக்காக முகம் தெரியாதவர்களின் குறைகளையெல்லாம் நாள் முழுக்க உட்கார்ந்து கேட்கிற வேலை. எதிரில் ஒரு மாமியார் நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தால்?

"கீழ்வீட்டு டீச்சர் என்ன கேட்டாங்க தெரியுமா?" மருமகளின் குரல் இப்போதுதான் உடைந்தது. "'என்னம்மா, உங்க மாமியார் எப்பவும் கோர்ட்டுல சாட்சி சொல்ல வந்தவங்க மாதிரியே நிக்கிறாங்களே, உட்காரச் சொல்ல மாட்டியா'ன்னு கேட்டாங்க! நானா உட்கார வேண்டாம்னேன்? சம்பளம் கூடினதும் முதல் வேலையா உங்களுக்குன்னு பார்த்துப் பார்த்து அந்த நாற்காலியை வாங்கினேன். இன்னைக்கு வரைக்கும் பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கலை. அதுமேல துணியை மடிச்சு வைக்கிறீங்க!"

"இடுப்பு வலிம்மா, அதான்..."

"இடுப்பு வலின்னா யாரா இருந்தாலும் உட்காரத்தானே அத்தை பார்ப்பாங்க? நீங்க நிக்கிறீங்களே!"

நியாயமான கேள்விதான். அவளே தன்னைப் பலமுறை கேட்டுக்கொண்டதுதான்.

"விடும்மா, அவ சுபாவம் அப்படி" என்றார் மீட்டர்காரர் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே. "கல்யாணத்தன்னைக்கே போட்டோவுக்கு உட்காராம அடம் பிடிச்சவ."

யாரும் சிரிக்கவில்லை. வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

சாமான்கள் இறங்கின. நாற்காலியும் இறங்கியது. "இங்க இருந்து என்ன பண்ணப்போகுது?" என்று மருமகளே தூக்கிக்கொண்டு போனாள். பட்டன் அக்கா படியோரத்தில் நின்று, ஒவ்வொரு பெட்டியும் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தாள். போகட்டும். பிள்ளைகள் தனியாகப் போவது ஒன்றும் உலகத்தில் நடக்காத காரியம் இல்லை. ஆனால் தன்னால்தான் போகிறார்கள் என்ற நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை. இன்றைக்குப் போனால், பிறகு அந்த வீட்டுக் கதவு தனக்காக முழுசாகத் திறக்குமா?

"அம்மா, கார்ல ஏறு" என்றான் மகன். வாடகைக் காரின் பின்கதவைத் திறந்து பிடித்திருந்தான்.

புது வீட்டுக்கு ஒரு மணி நேரப் பயணம். அந்த இருக்கையைப் பார்த்தபோதே அவள் ஒரு அடி பின்வாங்கினாள். போகாமல் இருந்தால் கோபித்துக்கொண்டாள் என்பார்கள். ஏறினால்...

"நான் சாமானோட வர்றேன்டா. பீரோ கண்ணாடி ஆடுது. யாராவது பிடிச்சுக்கணும்."

"அதுக்குத்தான் கயிறு கட்டியிருக்காங்களே!"

"கயிறுக்குக் கண்ணாடியோட அருமை தெரியுமா?"

மீட்டர்காரர் காருக்குள் இருந்தபடியே தலையில் அடித்துக்கொண்டார். மருமகளின் முகம் சிவந்தது. "பார்த்தீங்களா? மருமக கார்ல போறா, மாமியார் லாரியில சாமானோட சாமானா நின்னுக்கிட்டு வர்றாங்க. வழியெல்லாம் பார்க்கிறவங்க என்னைத்தானே திட்டுவாங்க? சரி... நானும் லாரியிலயே வர்றேன். நீங்க போங்க!"

மகன் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுக் காருக்குத் திரும்பினான்.

லாரியின் பின்கதவு சாத்தப்பட்டது. உள்ளே ஒரு சின்னக் கப்பலின் அடித்தளம் மாதிரி இருந்தது. பக்கவாட்டு இடுக்கு வழியே ஒரு பட்டை வெளிச்சம், கடந்துபோகும் மரங்களால் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு, மெத்தையின் மேலும் பாத்திரப் பெட்டியின் மேலும் ஓடியது. ஒரு கையால் பீரோவின் விளிம்பையும் ஒரு கையால் கயிற்றையும் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி நின்றாள் பட்டன் அக்கா. எதிரே, மூட்டைகளுக்கு நடுவில் மருமகள்.

பிறகு மருமகள் மூலையிலிருந்த நாற்காலியை இழுத்து நடுவில் போட்டாள். பிளாஸ்டிக் சரசரத்தது.

"ஒரே ஒரு தடவை உட்காருங்க அத்தை. இங்க பார்க்க யாரும் இல்லை. எனக்காக உட்காருங்க. அதுக்கப்புறம் இதைக் கடையிலயே திருப்பிக் கொடுத்துடறேன், இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

கெஞ்சலா, சவாலா? அந்த முகத்தில் இரண்டும் இருந்தன. வாங்கிவந்த அன்று இதே நாற்காலியைத் தட்டிக்காட்டி "உட்காருங்க, உட்காருங்க" என்று குதித்த பெண்ணின் முகமும் அதற்கடியில் எங்கோ இருந்தது. ஒரு தடவைதானே? பட்டன் அக்கா கயிற்றை விட்டாள். மெதுவாக இறங்கி உட்கார்ந்தாள்.

"நல்லாத்தாம்மா இருக்கு... மெத்துன்னு இருக்கு."

அப்போதே நெருப்பு பற்றிக்கொண்டது. லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. யாரோ நூலை முழுப் பலத்தோடு இழுத்தார்கள். அவள் சிரித்தபடியே இருந்தாள். சிரிப்பு உதட்டிலேயே நின்றிருக்க, நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. கைப்பிடியை இறுக்கிய விரல்கள் வெளுத்தன. அடுத்த பள்ளம். கண்ணிலிருந்து நீர் தானாக இறங்கி மோவாயில் தொங்கியது.

"அத்தை?"

"நல்லா... இருக்கும்மா..."

"அத்தை! எழுந்திருங்க... போதும், எழுந்திருங்க அத்தை!"

எழுந்திருக்க முடியவில்லை. மருமகள் பாய்ந்து வந்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். லாரி ஆட, இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். பிடித்தவள் விடவில்லை. பட்டன் அக்காவின் நெஞ்சு தன் நெஞ்சின்மேல் அடித்துக்கொள்வது மருமகளுக்குத் தெரிந்தது.

"இவ்வளவு வலியா? ஊர்பேர் தெரியாதவன் ரீசார்ஜ் ஆகலைன்னு அழுதாக்கூட அரை மணி நேரம் கேட்கிறேனே... என்கிட்ட ஏன் அத்தை சொல்லலை?"

"சொன்னேனேம்மா... படம் எடுத்து ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களே. ஒண்ணும் இல்லாதது எப்படிம்மா வலிக்கும்? கொஞ்ச நாள்ல நானே என்னை நம்புறதை விட்டுட்டேன். அப்புறம் உன்னை எப்படி நம்பச் சொல்றது?"

மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு அவளுடைய வேலைக்குரல் வந்தது. "சரி. எங்க வலிக்குது? சரியா காட்டுங்க."

பட்டன் அக்கா சாத்தியிருந்த கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மருமகளின் கையை எடுத்து, இடுப்பைத் தாண்டி, இன்னும் கீழே கொண்டுபோய் வைத்தாள்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் கீழ... ம்... அதான்."

"இது இடுப்பே இல்லையே அத்தை! இது..." மருமகள் சட்டென்று நிறுத்தினாள். "டாக்டர்கிட்ட எங்கன்னு சொன்னீங்க?"

"இடுப்புன்னுதான்."

"ஏன்?"

"உன் மாமா பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாரு. அந்த டாக்டருக்கு நம்ம பையன் வயசுதான் இருக்கும். அவர்கிட்ட போய் எப்படிம்மா... பின்னால உட்கார்ற இடம்னு..."

மருமகளுக்கு அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு வெடித்தது. "அப்போ அத்தனை படமும் இடுப்பையே எடுத்து எடுத்துத் தள்ளியிருக்காங்களா!"

"சிரிக்காதேடி" என்றாள் பட்டன் அக்கா. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வலித்தது. வலித்தாலும் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் மருமகள் தயங்கினாள். "சரியான இடத்தைச் சொன்னாலும் என்ன காரணம்னு அவங்களுக்குத் தெரியாமப் போகலாம் அத்தை."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லட்டும். அதை நான் தாங்கிப்பேன். ஒண்ணும் இல்லைன்னு மட்டும் சொல்லாம இருந்தாப் போதும்."

வெளிச்சப் பட்டை இப்போது நாற்காலியின் மேல் விழுந்திருந்தது. உட்கார்ந்து எழுந்த இடத்தில் பிளாஸ்டிக் இன்னும் குழிந்திருந்தது. மருமகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அந்த நின்ற உருவம் தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டே இருந்ததாக நினைத்தாளே... வலிக்காத இடத்தைத் தேடிக்கொண்டு நின்றது வெறும் ஒரு வயதான பெண்தானே!

"வண்டியைத் திருப்பச் சொல்லட்டுமா அத்தை?"

பட்டன் அக்கா தலையை ஆட்டினாள். "வேண்டாம். நீ போ. உன் வீட்டுல நீ காலை நீட்டி உட்காரு. நான் வர்றப்போ நின்னுக்கிட்டே பேசுறேன். இனிமே உனக்கும் அது உறுத்தாது, எனக்கும் உறுத்தாது."

லாரி ஒரு திருப்பத்தில் வேகம் குறைத்து, புது வீட்டு வாசலில் நின்றது. வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளை யாரோ தட்டினார்கள்.

"என்ன, ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு முடிச்சாச்சா? இல்ல அங்கயே குடித்தனம் வைக்கிறதா உத்தேசமா?" மீட்டர்காரரின் குரல்.

தாழ்ப்பாள் விலகியது. வெளிச்சம் மெல்ல உள்ளே வந்தது. பட்டன் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உதவி கேட்டுப் பழக்கமில்லாதவள், ஆகவே வார்த்தைகள் கோர்வையாக வரவில்லை. கதவு முழுசாகத் திறப்பதற்குள் மருமகளின் மணிக்கட்டைப் பற்றி, காதோரம் குனிந்தாள்.

"அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறப்போ... உன் மாமா வெளிய இருக்கட்டும். நீ உள்ள வா. மத்ததெல்லாம் நானே பேசிடுவேன்... எந்த இடம்னு மட்டும் எனக்கு வாய் வராதும்மா. அதை மட்டும் நீ சொல்லிடறியா?"