முப்பத்து நாலுக்கு இருபத்தேழு

மனித குலம் நாகரிகத்தின் உச்சியைத் தொட்டது 1849 செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி, பிற்பகல் மூன்று மணிக்கு, நியூ ஜெர்சியின் வெண்டோவர் திடலில்தான் என்று கர்னல் ஸ்ப்ராக் மேடைதோறும் சொல்லி வந்தார். வெண்டோவர் பேஸ்பால் கிளப் தன் முதல் ஆட்டத்தை ஆடிய நேரம் அது. அப்போது திடலில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவை எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, கிளப்பின் ஆண்டு விருந்து நாளன்று மாலை நான்கு மணிக்கு, பல் மருத்துவர் பெட்டிங்கில் கை கழுவிக்கொண்டிருந்தபோது திறந்திருந்த ஜன்னல் வழியாக ஒரு பந்து வந்தது. தரையில் ஒருமுறை துள்ளியது. அவருடைய மனைவியின் தம்பி ஏசா பாய்ந்து பிடித்தான்.

“அவுட், அத்தான்.”

“ஒரு துள்ளு துள்ளினப்புறம் பிடிச்சா அவுட்டுங்கிறதெல்லாம் பழைய விதி. அதை எடுத்து மூணு வருஷமாச்சு, மாப்ளே. அதுல சுத்தியிருக்கிற சீட்டைப் பிரி.”

‘எதிர் மாடியில் அடைபட்டிருக்கிறேன். முதல் ஆட்டத்தின் பந்தைக் காணோம். அலமாரிச் சாவி என்னிடம் மட்டும்தான். ஆறு மணிக்குள் கிடைக்காவிட்டால் கிளப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். உடனே வாருங்கள். ஜாபெஸ் மெர்ரிட்.’

மெர்ரிட் கிளப்பின் செயலாளர். பகலில் கர்னலின் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. கிளப்பை விட்டு நீக்கப்பட்டவன் மறுநாள் அந்த அலுவலக நாற்காலியில் உட்கார முடியாது. வீட்டில் நான்கு பிள்ளைகள்.

“நம்மளை ஏன் கூப்பிடுறார்?” என்றான் ஏசா.

“நான் எந்த கிளப்பிலும் இல்லை. அதான்.” டாக்டர் கோட்டை மாட்டினார். அந்தக் காரணத்துக்காகவே எல்லா ஆட்டத்துக்கும் அவரைத்தான் நடுவராகக் கூப்பிட்டார்கள். அந்தக் காரணத்தாலேயே ஊரில் பாதிப் பேர் அவரோடு பேசுவதில்லை.

எதிரே மதுக்கடையின் மாடியில்தான் கிளப்பின் கூடம். வாசலில் காவலாள் வழிமறித்தான். “உள்ள போகலாம் டாக்டர். வெளிய வரக் கூடாது. கர்னலோட உத்தரவு.”

“கர்னலுமா?”

“ஒருத்தரும் போகக் கூடாதுன்னார். கொஞ்ச நேரம் முன்னாடி அவரே கிளம்பப் பார்த்தார். விடலையே.”

உள்ளே கண்ணாடி அலமாரியில் முப்பதுக்கும் மேற்பட்ட பந்துகள் பொன் வண்ணம் பூசி, தேதியும் ரன்களும் எழுதப்பட்டு வரிசையாக இருந்தன. தோற்ற அணி ஆட்டப் பந்தை வென்ற அணியிடம் கொடுத்துவிடுவது வழக்கம். ஆகவே அலமாரியில் பந்து இருந்தால் வெற்றி இருந்தது என்று பொருள். மேல் தட்டில், நடுவில் இருந்த பித்தளைக் கிண்ணம் மட்டும் காலி.

கர்னல் ஸ்ப்ராக் உயரமான பட்டுத் தொப்பியோடு கணப்பருகே நின்றார். உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்கு பிஸ்கட் அனுப்பியவர். கிளப்பின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொள்வார்.

“வெண்டோவர் பேஸ்பால் கிளப்போட இதயத்தையே ஒருத்தன் திருடிட்டான், டாக்டர்,” என்றார். தொப்பி தலையிலேயே இருந்தது. “அது யாருன்னு சாவி சொல்லுது.”

மெர்ரிட்டின் கை தன்னையறியாமல் கடிகாரச் சங்கிலியில் தொங்கிய சாவியைப் பிடித்துக்கொண்டது. “மத்தியானம் பார்த்தேன், ஐயா. இருந்தது. மூணு மணிக்குப் பார்க்கிறேன், இல்லை. பூட்டு பூட்டினபடியே இருக்கு. நடுவுல இங்க இருந்தது நாங்க மூணு பேர்தான்.”

மூன்றாமவர் பொருளாளர் ஹிக்பி. அவர் வால்நட் உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். “எனக்கு எதுக்குப்பா பழைய பந்து? கடிக்கக்கூட முடியாது.”

“மத்தியானம் என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“மெர்ரிட் எழுதின கிளப் வரலாறு அச்சகத்துலேருந்து வந்துச்சு. உரக்கப் படிச்சான். நான் தூங்கிட்டேன். இடையில எழுந்தப்போ, ராத்திரி விருந்துக்கு ரிவர்சைட் கிளப் கிழவர் டூனிஸ் வர்றார்னு சொன்னேன். அந்த முதல் ஆட்டத்துல எதிர் அணியில ஆடினவர். நான்தான் கூப்பிட்டேன். உடனே கர்னல், களைப்பா இருக்கு போய்ப் படுங்கன்னு என்னைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். ரொம்ப அன்பான மனுஷர்.”

“நீங்க, மெர்ரிட்?”

“கீழே மேஜைகளை எண்ணிட்டு வரச் சொன்னார்.”

டாக்டர் அலமாரியின் பின்பக்கம் குனிந்தார். கீல்களில் இருந்த திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. அவற்றின் தலைகளில் மட்டும் புதிய வெள்ளைக் கீறல்கள். சாவியே தேவைப்படவில்லை. பிறகு கர்னலின் கட்டுப் போட்ட கட்டைவிரலைப் பார்த்தார்.

“பந்து பிடிச்சதுல அடி,” என்றார் கர்னல்.

வெறுங்கையால் பந்து பிடிக்கும் அந்த ஊரில் கட்டுப் போடாத விரலைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். டாக்டர் தலையாட்டிவிட்டு மெர்ரிட் பக்கம் திரும்பினார். “அந்தப் பந்துல என்ன எழுதியிருந்தது?”

மெர்ரிட் அச்சுப் பிரதியைப் புரட்டினார். “‘1849 செப்டம்பர் 12. வெண்டோவர் 34, ரிவர்சைட் 27. ஒன்பது இன்னிங்ஸ்.’”

கடிகாரம் ஐந்தரை அடித்தது. கீழே தட்டுகள் அடுக்கப்படும் ஓசை கேட்டது. ஏசா டாக்டரின் காதருகே வந்தான். “ஹிக்பிதான் அத்தான். பாருங்க, கையில கொட்டை உடைக்கிற இடுக்கி.”

“இடுக்கியால திருகாணியைக் கழற்ற முடியாது, மாப்ளே. சும்மா இரு.” டாக்டர் நடுக்கூடத்துக்கு வந்தார். “விருந்துக்கு முன்னாடி மறைந்த உறுப்பினர்களுக்கு மரியாதை செய்றது உங்க வழக்கம் இல்லையா? அதை முதல்ல முடிச்சிடுவோம்.”

எல்லாரும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள். கர்னல் கழற்றவில்லை.

“கர்னல்,” என்றார் ஹிக்பி. “உங்க அண்ணனும் மறைந்தவர்தானே.”

கர்னலின் நெற்றியில் வியர்வை இறங்கியது. அவர் தொப்பியை ஓரங்குலம் தூக்கினார். பொன்னிறமாக ஏதோ வழுக்கைத் தலையில் உருண்டு, தோளில் பட்டு, தரையில் ஒருமுறை துள்ளியது. ஏசா பிடித்துவிட்டான்.

“பழைய விதிப்படி அவுட்,” என்றார் டாக்டர்.

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மெர்ரிட் திருடியிருந்தா சாவியால திறந்திருப்பார், கீலைக் கழற்ற வேண்டியதில்லை. விரல்ல கட்டு இருந்தா இந்த ஊர்ல யாரும் ஏன்னு கேக்கறதில்லை. ஆனா கர்னல் பந்தைத் தொட்டு எட்டு வருஷமாச்சு. திருப்புளி வழுக்கியிருக்கு. எடுத்துக்கிட்டுப் போயிடலாம்னு பார்த்திருக்கார். அதுக்குள்ள மெர்ரிட் அலமாரியைப் பார்த்துட்டார். சந்தேகம் வரக் கூடாதுன்னு இவர் கதவை அடைக்கச் சொல்லி முழங்கினார். காவலாள் நேர்மையானவன். இவரையும் விடலை.”

“சொந்த கிளப் பந்தை எதுக்குத் திருடணும்?” என்றார் ஹிக்பி.

“நாற்பத்தொன்பதுல ஒன்பது இன்னிங்ஸ்னு ஒண்ணு கிடையாது. முதல்ல இருபத்தொரு ரன் எடுத்தவன் ஜெயிச்சான். ஆட்டம் அதோட முடிஞ்சது. ஒன்பது இன்னிங்ஸ் விதி வந்தது ஐம்பத்தேழுல. அதுக்கப்புறம்தான் யாரோ இந்தப் பந்தை வாங்கி எழுதியிருக்காங்க. நீங்க யாரும் கவனிக்கலை. டூனிஸ் கவனிப்பார்.”

கர்னல் உட்கார்ந்தார். தொப்பி இல்லாமல் அவர் சிறியவராகத் தெரிந்தார். “கிளப்போட நன்மைக்காகத்தான் செஞ்சேன்.”

“என்னை நடுத்தெருவுல நிறுத்தறதும் கிளப்போட நன்மைக்கா, ஐயா?” மெர்ரிட்டின் குரல் அந்தக் கூடத்தில் அவ்வளவு உரக்க இதற்குமுன் கேட்டதில்லை.

கர்னல் தொப்பியின் விளிம்பைத் தடவினார். “திங்கட்கிழமை வழக்கம்போல வாங்க, மெர்ரிட்.”

“எழுதிக் கொடுங்க,” என்றார் டாக்டர். கர்னல் எழுதிக் கொடுத்தார். மெர்ரிட் அதை இரண்டு முறை படித்து, மடித்து, கடிகாரப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

ஆறு மணிக்கு டூனிஸ் படியேறி வந்தார். மூச்சு வாங்க, கைக்குட்டையிலிருந்து கறுத்துப்போன ஒரு பந்தை அவிழ்த்தார். “எங்க அலமாரியில கிடந்துச்சு. இன்னைக்கு உங்க நாள், வச்சுக்கோங்க.”

அதில் எழுதியிருந்தது: ரிவர்சைட் 21, வெண்டோவர் 2.

மெர்ரிட் பேனாவை எடுத்தார். வரலாற்றின் முதல் பக்கத்தைத் திருத்தியாக வேண்டும். “அந்த ரெண்டு ரன்னை எடுத்தது யாருன்னு ஞாபகம் இருக்கா?”

“இருக்கே. அன்னைக்கு உங்க பக்கம் ஓர் ஆள் குறைஞ்சது. எங்க பக்கத்துலேருந்து ஒருத்தனை இரவல் கொடுத்தோம்.”

இரண்டு ரன்களையும் எடுத்தது டூனிஸ்.